அப்புச்சி வாசித்த கதையை மகன் கேட்க மாட்டேன் என்கிறான்

திருப்பூரிலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரிய வேண்டாம் என்று கேட்டிருப்பதால் சில விவரங்களை மாற்றித் தருகிறேன். பனியன் கம்பெனி ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை. பிறந்தது கோபி பக்கம் ஒரு கிராமம். பள்ளி நாட்களில் பெரும்பகுதி அம்மாவைப் பெற்ற அப்புச்சி வீட்டில் கழிந்திருக்கிறது. இரவுச் சாப்பாடு முடிந்ததும் வாசலில் கயித்துக் கட்டிலைப் போட்டு அப்புச்சி அம்புலிமாமா வாசிப்பாராம். "அவர் வாசிச்சா ராஜா எங்க வாய்க்கால் மேட்டுல நடந்து வர்ற மாதிரியே இருக்குமுங்க. பாதியில தூங்கிருவாரு. நான் உலுக்கி எழுப்புவேன். வேற கதை வேணும்னா உடனே பக்கத்தைத் திருப்பிருவாரு" என்று எழுதுகிறார். ஒவ்வொரு வருடத்து இதழ்களையும் சேர்த்து பைண்டு செய்து இரும்புப் பெட்டியில் வைத்திருந்த அந்த அப்புச்சி இன்று இல்லை.

இவருக்கு ஏழரை வயதில் ஒரு மகன். இங்கிலீஷ் மீடியத்தில் இரண்டாம் வகுப்பு முடிக்கப் போகிறான். பெட்டியிலிருந்து இரண்டு பைண்டு புத்தகங்களை எடுத்து வந்து, தினமும் இரவு ஒன்பது மணிக்கு அவனை உட்கார வைத்து வாசிக்கிறார். அவன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறான். வேதாளக் கதை என்றால் அழுகிறான். ஒரு நாள் கோபத்தில் அடித்தும்விட்டார். கணவர், "யூடியூப்ல கதை போட்டு விடு, எதுக்கு மல்லுக்கட்டற" என்கிறார். மாமியார், ராத்திரியில் வாசித்தால் கண் கெட்டுவிடும் என்கிறார். பள்ளியில் வீட்டிலும் ஆங்கிலமே பேசச் சொல்கிறார்கள். வகுப்பில் தமிழ் பேசினால் பத்து ரூபாய் அபராதம். "அவங்க ஆத்தா சொல்ற பன்னிக் கதையை மட்டும் ஆன்னு கேக்கறான். நான் வாசிச்சா ஆகறதில்ல. என்ற பையனுக்கு ரசனையே இல்லீங்களா?" என்பது அவருடைய கேள்வி. ஊரில் மாமா பழைய வீட்டை விற்கப் போகிறார், பெட்டியில் மீதியிருக்கும் புத்தகங்களை எடைக்குப் போட்டுவிடுவாரோ என்ற பயம் வேறு. மகன் எழுத்துக்கூட்டி வாசிக்கத் திணறுவதையும் கடைசியில் ஒரு வரியில் சொல்லியிருக்கிறார்.

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் மகனுக்குக் கதை பிடிக்கும். அதற்கான சாட்சியை நீங்களே குறையாக எழுதியிருக்கிறீர்கள். ஆத்தா, அதாவது உங்கள் மாமியார், சொல்லும் பன்றிக் கதையை அவன் வாயைப் பிளந்து கேட்கிறான் அல்லவா? அது பொன்னர் சங்கர் கதையில் வரும் கொம்பன் என்ற காட்டுப்பன்றி என்றுதான் நினைக்கிறேன். கொம்பனை வீழ்த்த உதவும் குட்டி நாய் பொன்னாச்சியும் அதில் வருவாள். கொங்கு நாட்டில் தலைமுறை தலைமுறையாக உடுக்கடித்துப் பாடி வரும் அண்ணன்மார் கதை அது. காங்கயம் பக்கத்து ஓலப்பாளையத்தில் 1965-ல் பிரெண்டா பெக் என்ற ஆய்வாளர் இரவிரவாக அதை ஒலிப்பதிவு செய்தார். பின்னால் அது அச்சிலும் வந்தது. பெரியவர்களே உட்கார்ந்து விடிய விடியக் கேட்ட கதையை உங்கள் வீட்டுப் பையன் அவன் ஆத்தாவிடம் திரும்பத் திரும்பக் கேட்டு வாங்குகிறான் என்றால், அவன் ரசனையைப் பற்றி நீங்கள் கவலைப்பட ஒன்றுமில்லை. உங்கள் மாமியாரைப் போட்டியாக நினைக்காதீர்கள். அந்த வீட்டில் உங்களுக்குக் கிடைத்திருக்கும் பெரிய துணை அவர்தான்.

அப்படியானால் உங்களிடம் மட்டும் ஏன் திரும்பிக்கொள்கிறான்? உங்கள் அப்புச்சியைப் பற்றி நீங்கள் எழுதியதை இன்னொரு முறை எடுத்துப் பாருங்கள். தூங்கிப்போனவரை எழுப்பியது நீங்கள். 'இது வேண்டாம், அது' என்று சொன்னது நீங்கள். பக்கத்தைத் திருப்பியது அவர். அந்தக் கட்டிலில் கேட்பவள் சொன்னபடிதான் வாசிப்பவர் நடந்திருக்கிறார். இன்று உங்கள் வீட்டில் என்ன கதை, எப்போது, எவ்வளவு நேரம் என்பதெல்லாம் உங்கள் முடிவு. கதை முடிந்ததும் "இதுல என்ன நீதி?" என்று கேட்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். பகலெல்லாம் வகுப்பில் பதில் சொல்லிவிட்டு வரும் பையனுக்கு ஒன்பது மணிக்கு இன்னொரு வகுப்பு தொடங்குகிறது.

இதை உங்களைக் குற்றம் சொல்ல எழுதவில்லை. எட்டு மணிக்கு வேலை முடிந்து வந்து, சமைத்துப் போட்டு, அதற்கு மேலும் ஒரு புத்தகத்தோடு மகன் பக்கத்தில் உட்கார நினைக்கும் அம்மா நீங்கள். அப்புச்சியை இழந்த துக்கமும் அந்த வாசிப்புக்குள் இருக்கிறது. அவன் திரும்பிப் படுக்கும்போது உங்களுக்கு வரும் கோபம் அவன்மேல் வந்தது மட்டும் இல்லை. அப்புச்சியையே அவன் வேண்டாம் என்று சொல்வதுபோல உங்களுக்குப் படுகிறது. அவனுக்கோ அப்புச்சியைத் தெரியவே தெரியாது. அவனுக்கு அது மங்கிப்போன தாளில் பொடி எழுத்துகளில் இருக்கும் ஒரு பழைய புத்தகம், அவ்வளவுதான்.

அடித்ததைப் பற்றி ஒரு வார்த்தை. "அன்னைக்கு அடிச்சது தப்பு கண்ணு, அம்மா இனி கதைக்காக அடிக்க மாட்டேன்" என்று அவனிடம் நேராகச் சொல்லிவிடுங்கள். புத்தகத்தைப் பார்த்தாலே அடி ஞாபகம் வருவது நிற்க வேண்டும். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

வேதாளக் கதைக்கு ஏன் அழுகிறான்

"நானும் அந்த வயசுலதான் கேட்டேன், எனக்குப் பயமில்லையே" என்கிறீர்கள். வாசலில் அப்புச்சி மடியில், உள்ளே அம்மிச்சி பாத்திரம் கழுவும் சத்தத்தோடு நீங்கள் கேட்டீர்கள். அவன் கேட்பது கதவடைத்த அறையில், விளக்கணைக்கப் போகும் நேரத்தில். முருங்கை மரத்தில் தொங்கும் பிணம், அதைத் தோளில் சுமந்து சுடுகாட்டில் நடக்கும் ராஜா என்பது ஏழு வயதுக் குழந்தைக்கு லேசான காட்சி இல்லை. ஐந்திலிருந்து எட்டு வயதுவரை இருட்டைப் பற்றிய பயமும் பேய்ப் பயமும் பல குழந்தைகளுக்கு இருக்கும். அது கோழைத்தனம் ஆகாது. கற்பனை வளர்ந்திருக்கிறது, அதைக் கட்டுப்படுத்தும் பக்குவம் இன்னும் வரவில்லை. வேதாளத்தை ஒரு இரண்டு வருடம் தள்ளி வையுங்கள். அவனாகக் கேட்டால் ஞாயிற்றுக்கிழமை பகலில் வாசியுங்கள்.

அந்தக் காட்சியை நம் மனதில் நிறுத்தியவர் அம்புலிமாமா ஓவியர் சங்கர். உருவிய வாளும் தோளில் பிணமுமாக விக்கிரமன் நடந்து வரும் படம் அவருடையது. 1924-ல் ஈரோடு பக்கத்தில் ஒரு கிராமத்தில் பிறந்தவர். 2020-ல் 96 வயதில் மறைந்தார், அடுத்த ஆண்டு பத்மஸ்ரீ அறிவித்தார்கள். இதை உங்களுக்காகத்தான் சொல்கிறேன். அந்தப் புத்தகங்களை இப்போது நீங்கள் வாசியுங்கள். மகனுக்காக வேண்டாம், உங்களுக்காக. ஒரு படத்தை அரை மணி நேரம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாலும் தவறில்லை. அம்மா தனக்குப் பிடித்ததை ஆசையாக வாசிப்பதைப் பார்க்கும் குழந்தை, அது என்னவென்று ஒரு நாள் எட்டிப் பார்க்கும். பார்க்காவிட்டாலும் உங்களுக்கு நஷ்டமில்லை.

புத்தகத் தமிழ் அவனுக்குப் பழக்கமில்லை

இதை யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். உங்கள் மகன் வீட்டில் கேட்பது "அவன் போயிட்டானுங்க", "சித்த இரு கண்ணு", "என்ற பை எங்க" என்ற தமிழ். புத்தகத்தில் இருப்பது "மன்னன் மறுமொழி கூறாது புறப்பட்டுச் சென்றான்" என்பது. தமிழ்க் குழந்தைகள் எல்லாருக்குமே பேச்சுத் தமிழ் முதலிலும் எழுத்துத் தமிழ் பிறகும்தான் வருகிறது. இரண்டுக்கும் இடையில் பெரிய தூரம் இருக்கிறது. செய்தித்தாளோ கதையோ சத்தமாக வாசிக்கப்படும் வீட்டில், குழந்தை எழுத்துத் தமிழைக் காதால் முதலில் வாங்கிக்கொள்கிறது. பிறகு பள்ளியில் அதைக் கண்ணால் பார்க்கும்போது அது அறிமுகமான முகமாக இருக்கிறது. அப்படிக் கேட்டிராத குழந்தை எழுத்துகளைக் கூட்டி வாசித்த பின்னாலும், வந்த சொல் என்னவென்று தெரியாமல் விழிக்கும்.

உங்கள் அப்புச்சி அப்படியே வாசித்திருப்பார் என்று நினைக்கிறீர்களா? ராஜா வாய்க்கால் மேட்டில் நடந்து வந்த மாதிரி இருந்தது என்றால், அவர் ஒரு வரியை வாசித்து, அடுத்ததை வீட்டுப் பேச்சில் சொல்லி, மந்திரியை ஊர்க் கவுண்டர் மாதிரிப் பேச வைத்திருப்பார் என்பதுதான் என் ஊகம். நல்ல கதைசொல்லிகள் பலரும் அப்படித்தான் செய்வார்கள். நீங்களும் செய்யுங்கள். முதல் நாள் கதையை வாய்ப்பேச்சாகச் சொல்லிவிடுங்கள். கதை பிடித்துப்போய் மறுநாளும் கேட்டால், அப்போது புத்தகத்தைத் திறந்து வாசியுங்கள். கதை முன்பே தெரிந்திருப்பதால் புதுச் சொற்கள் அவனை மிரட்டாது. ஒரே கதையைப் பத்து முறை கேட்டால் சலிக்காமல் வாசியுங்கள். சொற்களும் வாக்கிய ஓட்டமும் குழந்தைக்குள் படிவது அப்படித் திரும்பக் கேட்கும்போதுதான்.

யூடியூப் பற்றிய உங்கள் கணவரின் யோசனையை முழுக்கத் தள்ள வேண்டாம். நீங்கள் களைத்துப்போன நாளில் காதால் மட்டும் கேட்கும் ஒரு கதையைப் போடலாம், தவறில்லை. ஆனால் "நாய்க்கு வலிக்காதாம்மா?" என்று அவன் நடுவில் கேட்டால் அந்தக் குரல் நிற்காது. நிறுத்திப் பதில் சொல்ல ஓர் ஆள் பக்கத்தில் இருப்பதில்தான் பெரும்பாலான பலன் இருக்கிறது. வாரத்தில் இரண்டு நாள் அந்த ஆளாக அவன் அப்பா இருக்கட்டும். பைக் சர்வீஸ் புத்தகத்தை வாசித்துக் காட்டினாலும் சரி.

கண் விஷயத்தில் மாமியாருக்குப் பதில்: மங்கலான வெளிச்சத்தில் கண் களைக்கும், தலை வலிக்கும். ஆனால் நிரந்தரமாகக் கெட்டுவிடாது. நல்ல விளக்கு போட்டுக்கொள்ளுங்கள், பகலில் அவன் வெளியில் ஓடி விளையாடட்டும்.

பள்ளி சொல்வதும் அபராதமும்

வீட்டில் தமிழ் பேசினால் ஆங்கிலம் வராது என்பது தவறான நம்பிக்கை. கதையைத் தொடர்ந்து போவது, அடுத்து என்ன ஆகும் என்று யூகிப்பது, ஒரு சொல்லின் ஒலிகளைப் பிரித்துக் கேட்பது போன்ற திறன்கள் தாய்மொழியில் வலுவாக இருந்தால் இரண்டாவது மொழிக்கும் அவை கைகொடுக்கும். உங்களுக்குச் சரளமாக வராத ஆங்கிலத்தில் அவனிடம் பேச முயன்றால், வீட்டில் பேச்சுதான் குறையும்.

சட்டமும் உங்கள் பக்கம் இருக்கிறது. தமிழ்நாடு தமிழ் கற்றல் சட்டம் 2006-ல் வந்தது. அதன்படி பள்ளிகளில் தமிழ் கட்டாயப் பாடம். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு குழந்தையை உடலால் தண்டிப்பதையும் மனத்தளவில் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. தாய்மொழியில் பேசியதற்காகக் காசு வாங்குவதை இந்தப் பிரிவைச் சொல்லிக் கேட்கலாம். ஆனால் நாளைக்கும் அவன் அதே வகுப்பில்தான் உட்கார வேண்டும். அதனால் முதலில் வகுப்பாசிரியரிடம் தன்மையாகப் பேசுங்கள். பலனில்லை என்றால் இன்னும் நான்கு பெற்றோரோடு சேர்ந்து தலைமையாசிரியருக்கு எழுத்தில் கொடுத்து, நகலில் ஒப்புதல் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கும் மேல் போக வேண்டுமானால் தனியார் பள்ளிகளைக் கவனிக்கும் மாவட்டக் கல்வி அலுவலர் இருக்கிறார். தனியாகப் போய்ச் சண்டை போடுவதை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

இனி எப்படித் தொடங்கலாம்

பத்து நாள் எதையும் வாசிக்காதீர்கள். ஆத்தா கொம்பன் கதை சொல்லும்போது நீங்களும் போய் அவன் பக்கத்தில் உட்காருங்கள். அதன் பிறகு அவனையே புத்தகம் எடுக்க விடுங்கள். அவனுக்கு ஜேசிபி, கிரேன் என்றால் உயிர் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் ராஜா ராணிக் கதைகளுக்கு முன்னால் வண்டிகளைப் பற்றி வாசியுங்கள். தகவல் புத்தகமும் வாசித்துக் காட்ட ஏற்றதுதான். மொடக்குறிச்சி பக்கம் மஞ்சக்காட்டுவலசில் பிறந்த பெ. தூரன், பெரியவர்களுக்கான கலைக்களஞ்சியத்தை முடித்த கையோடு 1968-லிருந்து 1976-க்குள் குழந்தைகளுக்கென்றே பத்துத் தொகுதிகளில் ஒரு கலைக்களஞ்சியம் கொண்டு வந்தார். குழந்தைக்குக் கதை மட்டும் போதாது, உலகமும் தமிழில் வேண்டும் என்று நினைத்த மனிதர் அவர். தகவல்கள் பழசாகியிருக்கும். ஆனாலும் பெரிய நூலகம் ஒன்றில் அந்தத் தொகுதிகளைப் பார்த்தால் அவனோடு சேர்ந்து புரட்டிப் பாருங்கள். அந்தக் காலத்து எந்திரங்களின் படங்களைப் பார்த்து அவன் கேட்கும் கேள்விகளே ஒரு மாலைக்குப் போதும்.

புதுப் புத்தகங்களுக்கு, பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் ஏராளமான தமிழ்ப் படக்கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. வாசிப்பு நிலை வாரியாகப் பிரித்தும் வைத்திருக்கிறார்கள். ஈரோட்டில் மக்கள் சிந்தனைப் பேரவை 2005 முதல் நடத்தி வரும் புத்தகத் திருவிழா ஆகஸ்ட் வாக்கில் வரும். அவன் கையில் இருநூறு ரூபாயைக் கொடுத்து, அவன் எடுப்பதை மறுக்காமல் வாங்கிக் கொடுங்கள். மட்டமான புத்தகத்தை எடுத்தாலும் பரவாயில்லை. நேரம் பத்து, பதினைந்து நிமிடம் போதும். "போதும்" என்று சொன்னால் வரியின் நடுவிலானாலும் மூடிவிடுங்கள். நீதி கேட்க வேண்டாம். பழைய கதைகளில் சில இடங்கள் உங்களுக்கே நெருடும். மாற்றாந்தாய் என்றாலே கொடுமைக்காரி, கறுப்பாக இருப்பவன் என்றால் அரக்கன், பெண் என்றால் பரிசுப்பொருள். அப்புச்சி வாசித்தார் என்பதற்காக அவற்றை அப்படியே கடத்த வேண்டியதில்லை. சின்ன வயதில் தாண்டிப் போங்கள், பெரியவன் ஆனதும் பேசுங்கள்.

பெட்டி விஷயத்தில் தயங்காதீர்கள். உங்கள் மாமாவுக்கு அந்தப் புத்தகங்களின் மதிப்பு தெரியாமல் இருக்கலாம், கேட்டால் கொடுக்க மாட்டார் என்று நீங்களாக முடிவு செய்துவிட்டீர்கள். உரிமை, பங்கு என்ற பேச்சே வேண்டாம். "மாமா, அப்புச்சி புஸ்தகமெல்லாம் எனக்கு வேணுமுங்க, இந்த ஞாயித்துக்கிழமை வந்து எடுத்துக்கறேன்" என்று இன்றைக்கே போன் செய்யுங்கள். அம்புலிமாமா இப்போது அச்சில் வருவதில்லை, போனால் கிடைப்பது கஷ்டம். எடுத்து வந்ததும் கிழிந்த பக்கங்களில் செல்லோ டேப் ஒட்டாதீர்கள், கொஞ்ச நாளில் மஞ்சளாகி எழுத்தைக் கெடுத்துவிடும். ஈரமில்லாத அலமாரியில் காற்றோட்டமாக வையுங்கள்.

நீங்கள் ஒரு வரியில் விட்டது

முதல் எழுத்தைப் பார்த்துவிட்டு மீதியை ஊகித்துச் சொல்கிறான், கரும்பலகையைப் பார்த்து எழுதத் திணறுகிறான், அவன் அப்பாவும் சின்ன வயதில் இப்படித்தான் அடி வாங்கினார் என்று எழுதியிருக்கிறீர்கள். இதைத் தள்ளிப்போட வேண்டாம். ஆங்கில எழுத்துகளில் 'பி' (b), 'டி' (d) இரண்டையும் மாற்றி எழுதுவது ஏழு வயதுவரை பல குழந்தைகளிடம் உண்டு. அது மட்டும் என்றால் நான் கவலைப்பட மாட்டேன். நீங்கள் எழுதிய அந்த மூன்றும் சேர்ந்திருப்பதால் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. முதலில் கண்ணும் காதும். அவை சரியாக இருந்தால் கற்றல் குறைபாடு இருக்கிறதா என்ற பரிசோதனை. அது பெரும்பாலும் எட்டு வயதை ஒட்டித்தான் உறுதியாகச் சொல்லப்படும், ஆகவே காலம் கடந்துவிடவில்லை. அப்படி ஒன்று இருந்தால் அவன் அறிவில் குறைந்தவன் என்று பொருள் இல்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதை அங்கீகரித்திருக்கிறது. பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகளும் உண்டு.

வாசித்துக் காட்டுவது கற்றல் குறைபாட்டைக் குணமாக்காது. அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். ஆனால் தானாக வாசிக்க முடியாத அந்தக் காலத்தில் சொல்வளமும் உலக அறிவும் பின்தங்காமல் இருக்கக் காதுதான் வழி. அதனால் முடிவு எதுவானாலும் கதையை நிறுத்த வேண்டாம்.

மாவட்ட அரசு மருத்துவமனைகளோடு சேர்ந்து இயங்கும் ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையத்தில் பதினெட்டு வயதுவரை கட்டணமில்லாமல் பார்ப்பார்கள். தனியாரிடம் போவதானால் மருத்துவ உளவியலாளரைப் பாருங்கள். ட்யூஷன் சென்டர்கள் தரும் சான்று சலுகைகளுக்குச் செல்லாது. போகும்போது அவனுடைய ஆங்கில, தமிழ் நோட்டுகள் இரண்டு, பிறந்தபோது மருத்துவமனையில் கொடுத்த சீட்டு, எந்த மாதத்தில் பேசத் தொடங்கினான் என்ற விவரம், இவற்றைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். அவன் அப்பாவையும் கூட்டிப் போங்கள், அவரிடமும் சில கேள்விகள் கேட்பார்கள்.